ஷோகேஸில் நிற்கும் பாட்டில்களைப் பற்றி

காட்டுப்பள்ளியிலும் எண்ணூரிலும் துறைமுக வேலை பார்க்கிறவர்களுக்கும், ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் வீட்டை வைத்துவிட்டுக் கப்பலேறிப் போகிறவர்களுக்கும்,



நம்மில் பலருடைய வீட்டு ஹாலில் கண்ணாடி போட்ட ஷோகேஸ் ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் ஸ்கூலில் வாங்கிய கோப்பைகள், வேளாங்கண்ணி மாதா, சிங்கப்பூர் சிங்கம், கல்யாண போட்டோ. இவற்றுக்கு நடுவில் ஒயின் பாட்டில் ஒன்று நிமிர்ந்து நிற்கிறது. காண்டிராக்ட் முடிந்து சைன் ஆஃப் ஆகி வந்த அண்ணனோ மச்சானோ கொண்டுவந்தது. “பெரியவள் கல்யாணத்துக்குத் திறப்போம்” என்றோ “சொந்த வீடு கட்டியதும் பார்த்துக்கொள்ளலாம்” என்றோ நாள் குறித்து வைத்திருப்போம். பழசாகப் பழசாகத்தானே ருசி கூடும் என்ற நம்பிக்கை வேறு. அந்தப் பாட்டிலுக்காகத்தான் இந்த மடல்.

நான் ரீஃபர் மெக்கானிக். முதலில் ராயபுரம் பக்கம், பிறகு காட்டுப்பள்ளியில் துறைமுகம் வந்ததும் மீஞ்சூர் ரோட்டு யார்டுகளில் வேலை. குளிர்பெட்டிகளுக்கு வெப்பம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதே பிழைப்பு. ஒயின்மேல் ஆசை வந்தது பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு. ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து, குடித்து, நோட்டில் எழுதி வைத்துக் கற்றுக்கொண்டேன். வகுப்புக்குப் போனதில்லை. என் தொழிலும் இந்த ஆசையும் ஒரே பாடத்தைத்தான் சொல்லித் தந்தன என்பது பின்னால்தான் உறைத்தது.

2009-ல் என் மச்சான் ஒரு போர்தோ சிவப்பு ஒயின் கொண்டுவந்தான். அப்போது அவன் செகண்ட் இன்ஜினியர். நல்ல பாட்டில், காசு கொடுத்து வாங்கியது. என் மகள் பன்னிரண்டாவது முடிக்கும்போது திறப்போம் என்று ஷோகேஸில் நிறுத்தினேன். எட்டு வருஷம் நின்றது. 2017 மே மாதம் ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம் எல்லோரையும் கூப்பிட்டுத் திறந்தேன். மேலே சுற்றியிருந்த தகடு பிசுபிசுத்தது. கார்க் பாட்டில் வாயைவிட்டு ஒரு நெல் அளவு எழும்பியிருந்தது. கிளாஸில் ஊற்றியபோது சிவப்பு இல்லை, ஆறிப்போன டீ டிகாக்‌ஷன் நிறம். மணம் காய்ச்சிய வெல்லமாக ஆரம்பித்துக் காடியில் முடிந்தது. மச்சான் ஒரு வாய் குடித்துவிட்டு “நல்லாத்தான் இருக்கு” என்றான். அவன் முகத்தைப் பார்த்தபடி நானும் தலையாட்டினேன். எட்டு வருஷம் அதைத் துடைத்துத் துடைத்து வைத்தவன் நான். கெடுத்தவனும் நான்தான்.

மறுநாளே ஒரு டேட்டா லாகரை எடுத்து அந்தப் பாட்டில் நின்ற இடத்தில் வைத்தேன். பெட்டிக்குள் சரக்கோடு போகுமே, அதே சின்னக் கருவி. கத்திரி வெயில் முடியும்வரை ஓடவிட்டேன். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற வீடு என்னுடையது. பகலில் 37, 38. சரி, ராத்திரி இறங்கியிருக்கும் என்று பார்த்தால் 31-க்குக் கீழே ஒருநாளும் வரவில்லை. தளம் பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி முழுக்கக் கக்குகிறது. ஒயினைப் பல வருஷம் வைத்துப் பழுக்கவிட 12-லிருந்து 14 டிகிரி என்பார்கள், அதுவும் ஏறி இறங்காமல். பத்து டிகிரி கூடினால் ரசாயன வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. நம் ஹாலில் நிற்கும் பாட்டில் வேக வேகமாகப் பழுத்து ருசி கூடும் என்று நினைக்காதீர்கள். வாழைக்காயைப் பழுக்க வைப்பதும் அடுப்பில் வேகவைப்பதும் ஒன்றல்ல. சூட்டில் உள்ளிருக்கும் திரவம் விரிந்து கார்க்கைத் தள்ளுகிறது. ஆறும்போது அந்த இடுக்கு வழியாகக் காற்று உள்ளே இழுபடுகிறது. பிறகு காற்று தன் வேலையைப் பார்க்கிறது.

இதை உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். மே மாதம் மத்தியானம் யார்டில் நிற்கும் சாதாரணப் பெட்டியின் கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் அனல் உங்களுக்குத் தெரியும். உறைந்த இறால் பெட்டி என்றால் மைனஸ் 18, அதில் இரண்டு டிகிரி ஏறினாலே யாருக்குப் போன் அடிக்க வேண்டும் என்பதும் தெரியும். பிளக் கழன்று கிடக்கும் ரீஃபரைப் பார்த்துவிட்டுச் சும்மா நடந்து போகிறவர் நம்மில் யாருமில்லை. ஊரான் சரக்குக்கு இத்தனை பார்க்கிற நாம், நம் வீட்டுப் பிள்ளை கடல் தாண்டித் தூக்கிவந்ததை ட்யூப் லைட்டுக்குக் கீழே நிறுத்தி வைத்திருக்கிறோம். வெளிச்சமும் கெடுதல்தான். வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் வரும் ஒயினை நாலு மாத ட்யூப் லைட்டே போதும், பாழாக்கிவிடும்.

இந்தக் குழப்பம் விஸ்கியிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். விஸ்கியோ பிராந்தியோ பாட்டிலில் அடைத்தபின் பெரிதாக மாறாது. இருபது வருஷம் கழித்துத் திறந்தாலும் கிட்டத்தட்ட அதே சரக்குதான். ஒயின் அப்படியில்லை, பாட்டிலுக்குள்ளும் மாறிக்கொண்டே இருக்கும். இன்னொன்று, உலகத்தில் விற்கும் ஒயினில் பெரும்பகுதி சில வருஷங்களுக்குள் குடித்து முடிக்கவே செய்யப்படுகிறது. முப்பது வருஷம் நிற்கிற ஒயின்கள் உண்டு. அவை கொஞ்சம், விலையும் அதிகம், அவற்றுக்கும் குளிர் நிலவறை வேண்டும்.

ஆனால் சூட்டினாலேயே ஒயின் கெடும் என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் நம் கரைக்கு அநியாயம் செய்தவனாவேன். சூட்டினாலேயே பேர் வாங்கிய ஒயின் ஒன்று உண்டு. அந்தக் கதையில் நம் கடலும் இருக்கிறது.

அட்லாண்டிக்கில் மதீரா என்று ஒரு போர்த்துகீசியத் தீவு. ஐரோப்பாவிலிருந்து தெற்கே வரும் கப்பல்களுக்கு அது வழியில் ஒரு நிறுத்தம். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் அதன் ஃபுன்ஷால் துறையில் தண்ணீரும் காய்கறியும் ஏற்றும்போது ஒயின் பீப்பாய்களும் ஏற்றின. ‘பைப்’ என்று அவர்கள் சொன்ன ஒரு பீப்பாய் நானூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். வழியில் கெடாமலிருக்கத் திராட்சைச் சாராயம் கொஞ்சம் கலப்பார்கள். ஆப்பிரிக்காவைச் சுற்றி, பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்டி, கப்பலின் அடித்தளத்தில் மாதக்கணக்காக வெந்து புழுங்கி மதராஸ் வந்து சேர்ந்த ஒயின் கெட்டிருக்க வேண்டும். கெடவில்லை. புறப்பட்டபோது இருந்ததைவிட நன்றாக இருந்தது. பிறகு வேண்டுமென்றே இந்தியாவுக்கு அனுப்பித் திரும்ப எடுத்துவந்து, போய்வந்த பயணத்தைச் சொல்லியே கூடுதல் விலைக்கு விற்றார்கள். ஜார்ஜ் கோட்டை வெள்ளைக்காரர்களின் மேஜையில் மதீராதான் அன்றாட ஒயின்.

மதராஸில் அப்போது துறைமுகம் கிடையாது. செயற்கைத் துறைமுகக் கட்டுமானம் 1876-ல் ஆரம்பித்து, 1881-ல் ஒரு புயலில் உடைந்து, திரும்பக் கட்டப்பட்டது. அதற்கு முன்னெல்லாம் கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலா படகுகள் போய்ச் சரக்கை இறக்கி, மூன்று அலை தாண்டிக் கரை சேர்க்கும். அந்தப் படகோட்டிகளின் வம்சம் இன்றைக்கும் ராயபுரத்திலும் காசிமேட்டிலும் இருக்கிறது. உங்களில் சிலருடைய கொள்ளுத்தாத்தாவுக்குத் தாத்தா அந்தப் பீப்பாய்களை அலைக்குள் பிடித்து நிறுத்தியிருப்பார். கிரேனில் உட்கார்ந்து நாற்பதடிப் பெட்டியை இறக்குகிற தம்பிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும்.

இப்போது மதீராவைக் கடலில் சுற்றவிடுவதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே, கப்பல் செய்த வேலையைக் கரையில் வைத்துச் செய்யக் கற்றுக்கொண்டார்கள். ஒருவகை ஒயினைத் தொட்டியில் ஊற்றி 45, 50 டிகிரியில் மூன்று மாதமாவது சூடாக்குகிறார்கள். உயர்ந்த வகையைப் பீப்பாயில் அடைத்து, வெயில் தகிக்கும் கூரைக்கடியில் வருஷக்கணக்காக விடுகிறார்கள். வேகவேண்டியது வெந்து, காற்றுப் படவேண்டியது பட்டு முடிந்த ஒயின் அது. அதனால் நம் வீட்டு 38 டிகிரி அதை ஒன்றும் செய்வதில்லை. திறந்து வைத்தாலும் மாதக்கணக்கில் நிற்கும். படுக்க வைக்கவும் வேண்டாம், நிமிர்ந்தே நிற்கட்டும். ஷோகேஸுக்கென்றே பிறந்த ஒயின் ஒன்று இருக்கிறதென்றால் அது இதுதான், நண்பர்களே. மகள் கல்யாணம்வரை வைத்திருக்க ஒரு பாட்டில் வேண்டுமென்றால், லிஸ்பன் பக்கம் கரை இறங்கும்போது ‘மதீரா’ என்று கேட்டு வாங்குங்கள். சர்சியல் என்றால் இனிப்பு குறைவு, மாம்சி என்றால் இனிப்பு தூக்கல். விமானத்தில் திரும்பி வரும்போது வரி இல்லாமல் ஆளுக்கு 2 லிட்டர்தான் கணக்கு. அதில் ஒன்று இதுவாக இருக்கட்டும்.

நம் கரைக்கு ஒயின் வந்தது வெள்ளைக்காரன் காலத்தில்தான் என்றும் நினைக்க வேண்டாம். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-ல் மார்டிமர் வீலர் தோண்டியபோது, மத்தியதரைக்கடல் நாடுகளின் இரட்டைக் கைப்பிடி ஜாடிகள் உடைந்து கிடந்தன. ஆம்போரா என்பார்கள். பின்னால் அவற்றை ஆராய்ந்த எலிசபெத் வில், பெரும்பகுதி கிரேக்கத்தின் காஸ் தீவு ஜாதி ஒயின் ஜாடிகள் என்று கண்டுசொன்னார். காஸ் ஒயினுக்கு ஒரு தனிக்குணம்: அதில் கடல்தண்ணீர் கலப்பார்கள். உப்புச் சேர்ந்த ஒயின் தூரப் பயணத்தைத் தாங்கியது. ஜாடியின் உட்புறம் ஒழுகாமலிருக்க மரப்பிசின் பூசியிருக்கும். அந்த வாசமும் ஒயினில் இறங்கியிருக்கும். புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் நக்கீரர், யவனர் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைக் குடித்து இனிது வாழ்க என்று பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். அந்தத் தேறல் இப்படித்தான் உவர்ப்பும் பிசின் மணமுமாக இருந்திருக்குமோ என்று பலநாள் யோசித்திருக்கிறேன். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஓடுகிற காட்டுப்பள்ளியில் நின்றுகொண்டு யோசிக்க நல்ல விஷயம் அது.

ருசிக்கு வருகிறேன். ஒயின் புத்தகங்களைப் புரட்டியவர்கள், அதில் சொல்லும் பழங்களையெல்லாம் பார்த்ததே இல்லையே என்று பின்வாங்கிவிடுகிறார்கள். நானும் பின்வாங்கியவன்தான். பிறகு ஒருநாள் புரிந்தது: சிவப்பு ஒயினில் நாக்கைப் பிடித்து இழுக்கிற அந்தச் சங்கதிக்கு நம்மிடம் தனிச்சொல் இருக்கிறது. துவர்ப்பு. அறுசுவையில் ஒன்றாக அதை எண்ணி வைத்த ஆட்கள் நாம். பாக்கில், வாழைப்பூவில், நாவல்பழத்தில் சின்ன வயதிலிருந்தே அது நமக்குப் பழக்கம். மாதுளைத் தோலின் கரகரத்த துவர்ப்பு வேறு, நல்ல நாவல்பழத்தின் வழுக்குகிற துவர்ப்பு வேறு என்று நம் வீட்டுப் பாட்டி சொல்வாள். ஒயின் சுவைப்பதில் பாதி வித்தை அதுதான்.

மீதியும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஷிராஸ் ஒயினில் மிளகு மணக்கும். அது கற்பனை இல்லை. மிளகில் இருக்கிற ரோட்டண்டோன் என்ற அதே பொருள் அந்தத் திராட்சைத் தோலிலும் இருக்கிறது. சோவின்யோன் பிளாங்கில் கொய்யாவும் பச்சைக் குடமிளகாயும் வரும். வயசான ரீஸ்லிங்கில் மண்ணெண்ணெய் வாடை வரும். வெளியூர்க்காரர்கள் அதைத் தேடிக் கண்டுபிடிப்பார்கள், நமக்கு மூக்கருகே வந்ததுமே தெரியும். கார்க்கில் பூஞ்சை நோய் பிடித்த பாட்டிலுக்கு நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் வரும். மழையில் ஒழுகிய பெட்டியைத் திறந்து டேமேஜ் ரிப்போர்ட் எழுதிய டாலி கிளார்க் யாரும் அதை வாழ்நாளில் மறக்கமாட்டார். அந்தப் பாட்டிலைக் குடிக்க வேண்டாம், கொட்டிவிடுங்கள். உங்கள்மேல் தப்பில்லை.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். திருவொற்றியூரில் காற்று மணலித் தொழிற்சாலைகள் பக்கமிருந்து அடிக்கும்போது பாட்டில் திறக்காதீர்கள். மூக்கு மழுங்கிவிடும், எல்லா ஒயினும் ஒரே ஒயினாகத் தெரியும். கோடையில் மத்தியானத்துக்குமேல் கடற்காற்று ஏறும், அப்போது திறங்கள். மீன் குழம்புக்கும் வறுத்த நெத்திலிக்கும் துவர்ப்பான சிவப்பு ஒயின் வேண்டாம். சிவப்பு ஒயினில் இருக்கும் இரும்புச்சத்து மீனோடு சேர்ந்தால் வாயில் கவிச்சி வாடை கிளம்பும் என்று ஜப்பானியர்கள் 2009-ல் கண்டுசொன்னார்கள். நாக்கு அதை முன்னமே சொல்லியிருந்தது. நாசிக்கிலிருந்து வரும் செனின் பிளாங்கை நன்றாகக் குளிரவைத்துப் பழவேற்காட்டு இறால் தொக்கோடு குடித்துப் பாருங்கள். கொஞ்சம் இனிப்பு இருப்பதாகப் பார்த்து எடுத்தால் மிளகாய்க் காரத்துக்கு இதமாக இருக்கும். நந்தி மலையிலும் ஹம்பிப் பக்கமும் நல்ல சிவப்பு ஒயின் செய்கிறார்கள். அவற்றை ஆட்டுக்கறி அன்றைக்கு வையுங்கள். கடையில் வாங்கும்போது லேபிளில் அறுவடை வருஷம் பாருங்கள். வெள்ளை ஒயின் என்றால் போன வருஷத்தது, மிஞ்சினால் அதற்கு முந்தினது. வெயில் படுகிற அலமாரியில் நின்ற பாட்டிலைத் தொடவே வேண்டாம்.

நாலு பாட்டிலாவது சேர்த்து வைத்து, வருஷா வருஷம் ஒன்றைத் திறந்து மாற்றத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. அது நல்ல ஆசை. அப்படியானால் ஒயின் பிரிட்ஜ் வேண்டும், அதுவும் கம்ப்ரஸர் வைத்தது. கம்ப்ரஸர் இல்லாமல் மின்தகட்டால் குளிர்விக்கும் மலிவுப் பெட்டியை வாங்காதீர்கள். அறைச் சூட்டுக்குக் கீழே பத்துப் பதினைந்து டிகிரிதான் அதனால் இறக்க முடியும். அறை 36 என்றால் உள்ளே 22. அது ஊட்டியில் வேலை செய்யும், எண்ணூரில் செய்யாது. ஒயின் பிரிட்ஜுக்கு வழியில்லாதவர்கள் வீட்டு பிரிட்ஜின் காய்கறித் தட்டில் படுக்கவையுங்கள். குளிர் அதிகம், அதிர்வும் உண்டு, ஆனாலும் ஷோகேஸைவிட ஆயிரம் மடங்கு மேல். எவ்வளவு வீட்டில் வைத்திருக்கலாம் என்பதற்குச் சட்டத்தில் ஒரு அளவும் இருக்கிறது. அதற்குள் நில்லுங்கள், விற்கவும் செய்யாதீர்கள்.

2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் அடித்தபோது எங்கள் தெருவில் நாலு நாள் கரண்ட் இல்லை. அப்போது மச்சான் பாட்டில் ஷோகேஸில் நின்றது, வேறு ஆறு பாட்டில் பிரிட்ஜில் இருந்தது. பிரிட்ஜில் இருந்ததைக் காசிமேட்டு மீன் தெர்மகோல் பெட்டிக்கு மாற்றி, உடைத்த ஐஸை ஈரச்சாக்கில் சுற்றி அடியில் போட்டு, மூடியை டேப் ஒட்டிக் கட்டிலடியில் தள்ளினேன். நாலு நாளும் உள்ளே 15 டிகிரியைத் தாண்டவில்லை. மச்சான் பாட்டிலையும் அப்படி வைக்கலாம் என்று அன்றைக்குக்கூட எனக்குத் தோன்றவில்லையே என்பதுதான் இன்றும் வலிக்கிறது.

குடியால் போன வீடுகள் நம் தெருக்களில் எத்தனை என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் அப்பாவின் கூடப்பிறந்தவர் ஒருவரைத் தூக்கிவந்தவன் நான். குடிக்காதவர்களைக் குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. குடியை விட்டவர்கள் இந்த மடலை இங்கேயே மடித்து வைத்துவிடுங்கள். நான் சொல்கிற ஒயின் வேறு கணக்கில் ஓடுவது. 750 மில்லி, ஐந்து பேர், சாப்பாட்டோடு, இரண்டு மணி நேரம். திறந்த பாட்டில் மூன்று நாளைக்குமேல் தாங்காது என்பதால் தனியாகத் திறக்கவே மனம் வராது, நாலு பேரைக் கூப்பிட்டுத்தான் ஆகவேண்டும்.

ஆகவே இன்றைக்கே ஷோகேஸைத் திறந்து அந்தப் பாட்டிலைக் கையில் எடுங்கள். கொண்டுவந்தவர் ஊரில் இருக்கும்போதே திறங்கள். அடுத்த காண்டிராக்டுக்கு அவர் விமானம் ஏறுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை போதும், கல்யாணம்வரை காத்திருக்க வேண்டாம். நன்றாக இருந்தால் எந்தத் துறையில், எந்தக் கடையில் வாங்கினார், அன்றைக்குக் கடல் எப்படி இருந்தது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். கெட்டுப்போயிருந்தாலும் அவரிடம் மறைக்காதீர்கள். நான் மறைத்தேன். என் மச்சான் இப்போது சீஃப் இன்ஜினியர். ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை வருகிறான். இனி ஒயின் வாங்கி வரட்டுமா என்று அவன் என்னைக் கேட்டதே இல்லை. போன தடவை நானே பேச்செடுத்து நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவன், “அது அன்னைக்கே எனக்குத் தெரியும்” என்றான்.

இந்த மாதம் அவன் சைன் ஆஃப். லிஸ்பனில் ஒரு பத்து வருஷ மதீரா வாங்கியிருப்பதாகச் சொன்னான். இரண்டாம் ஞாயிறு நாலு மணிக்குமேல், கடற்காற்று ஏறியதும் எங்கள் மாடியில் திறக்கிறோம். உங்கள் ஷோகேஸ் பாட்டிலையும் எடுத்துவாருங்கள், முதல்நாளே பிரிட்ஜில் வைத்து. நெத்திலி நான் வறுத்து வைக்கிறேன். டம்ளர் வேண்டாம், வாய் குறுகின கண்ணாடிக் கிளாஸ் ஆளுக்கொன்று கொண்டுவந்தால் போதும், எங்கள் வீட்டில் நாலுதான் இருக்கிறது.

அன்புடன்,
திருவொற்றியூரிலிருந்து ஒரு ரீஃபர் மெக்கானிக்